மூன்று எண்ணும் வரை

அந்த ஆட்டோமேட்டிக் கார் கியர் போட்டு மூன்று எண்ணிய பிறகுதான் உலுக்கிக்கொண்டு கிளம்பும். "வண்டியில ஒண்ணுமில்ல, அக்கா ஓட்டுறதுலதான் கோளாறு" என்று போன மாதம் மெக்கானிக் சவரிமுத்து சொல்ல, மெகருன்னிசாவிடமிருந்து கணவர் அன்றே சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவ பழக்கிவிட்ட பழக்கம், எங்கிட்டயும் நின்னு யோசிக்குது" என்று இன்று பட்டறையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கணவர் சிரித்தார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சவரிமுத்து கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனிகூட நனையவில்லை. அன்று இன்ஜினை அணைத்துவிட்டல்லவா பார்த்தார்! அணைத்தால் ஆயிலெல்லாம் கீழே வடிந்து, குறைவையும் நிறைவாகக் காட்டிவிடும். தொழிலில் முதல் பாடம், பாருங்கள். அவர் முகம் காந்தியது.

பின்சீட்டிலிருந்து மெகருன்னிசா மெல்லச் சொன்னாள்: "என் கைதாண்ணே சரியில்ல."

சவரிமுத்து கணவர் பக்கம் போய்க் கதவைத் திறந்தார்.

"சார், நீங்க கொஞ்சம் எறங்குங்க."

நனையாத கம்பியை அவரிடம் நீட்டிவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு வரும்படி மெகருன்னிசாவின் கதவையும் திறந்தார்.