கடைசிப் பந்தி

அன்று சாமியார் பங்களாவில் இருந்தவர்கள்: மேசையின் தலைப்பக்கம் ஃபாதர் ஜெபதாஸ். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி, ஊரில் பயிர் வைக்கும் கன்னியப்பன். எதிரே, வெளிச்சம் தாளில் விழும்படி நான். சமையல்காரி லூர்தம்மாள் உட்காரவில்லை. சமையற்கட்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார்.

மண்ணூரில் ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஞாயிறு மதியம். சோறும் கருவாட்டுக் குழம்பும். சொல்லாமல் வந்த கன்னியப்பனும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் கேட்டேன். பானையின் அடியில் கரண்டி உரசியது, சோறு வந்தது.

"நீங்க சாப்ட்டீங்களா, லூர்தம்மா?" என்று எழும்போது ஃபாதர் கேட்டார்.

"ஆச்சு சாமி. வயிறு ரொம்பிப்போச்சு."

கை கழுவிவிட்டுக் கடிதத்தைப் பிரித்தேன். இத்தாலியிலிருந்து, பத்திஸ்தா சாமியின் தங்கை, அவர்கள் ஊர் வாத்தியாரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதியது.

பத்திஸ்தா சாமி முப்பது வருஷம் எங்கள் பங்குக் கோவிலில் சாமியாராக இருந்தவர். வயசாகி நினைவு தடுமாறத் தொடங்கியதும், போன வருஷம் சொந்த ஊருக்கு அனுப்பி வைத்தோம்.

தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன்.

மலைமேல் சின்ன ஊர். இது திராட்சை அறுப்புத் திருவிழாக் காலம். எங்கெங்கிருந்தோ ஆட்கள் ஊர் பார்க்க வருகிறார்கள். வீதி நெடுக மேசை போட்டுப் புதுத் திராட்சை ரசம் ஊற்றுகிறார்கள்.

"வர்றவனுக்கெல்லாமா?" கன்னியப்பன் நிமிர்ந்தார். "நம்மூர்ல ஒரு பாட்டிலு வெச்சிருந்தா போலீசு வூட்டாண்டயே வந்துடுறான்!"

மாவை மெல்லிசாகத் தேய்த்து, பாலாடைக்கட்டி வைத்து மடித்து வேகவைத்த பலகாரம் உண்டு. தணலில் சுட்ட காட்டுக்கொட்டை உண்டு. விருந்தாளிகளையும் தொட்டியில் இறக்கி, வெறுங்காலால் திராட்சையை மிதிக்க விடுவார்கள். அதற்கும் கட்டணம் உண்டு.

"காசு குட்த்துட்டு வேலை செய்றானா? நம்ம கழனிக்கும் வரச் சொல்லி எழுது தம்பி. சேடை ஓட்டிச் சேறாக்கிட்டுச் சும்மாதான் கீது."

ஃபாதர் சிரித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதில் தங்கை தன் வீட்டைப் பற்றி எழுதியிருந்தார்.

என் வீட்டு முற்றத்திலும் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு போடுகிறேன். அண்ணன் குடுவையோடு மேசை மேசையாகப் போய் ரசம் ஊற்றுகிறார், ரொட்டி வைக்கிறார். தான் மட்டும் உட்காருவதில்லை. எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து உங்கள் மொழியில் ஏதோ கேட்கிறார். பதிலுக்குக் காத்து நிற்கிறார். எனக்குப் புரியவில்லை. சாப்பிடாமலே போய்ப் படுத்துவிடுகிறார். எலும்பும் தோலுமாகிவிட்டார். அங்கே எதை விரும்பிச் சாப்பிட்டார் என்று எழுதுங்கள். சமைத்துப் போடுகிறேன்.

கடிதம் அதோடு முடிந்தது.

நான் தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன். கேழ்வரகுக் கூழ். கருவாடு.

"மொச்சக்கொட்ட கொழம்ப உட்டுட்டியே," என்றார் கன்னியப்பன். "தேர் அன்னிக்குப் பந்தியில அதத்தான..."

பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

சாமி வந்த புதிதில், தேர்த் திருவிழா அன்று முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பந்திக்குச் சோறு இல்லை. பிள்ளைகளோடு வந்த சனம் வெறும் வயிற்றோடு திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு எந்த விருந்திலும் அவர் முதலில் சாப்பிட்டதில்லை. 'எல்லாரும் சாப்ட்டாச்சா' என்று கேட்டபடி குழம்பு வாளியோடு நின்றுகொண்டே இருப்பார். கடைசிப் பந்தி எழுந்துவிட்டது என்று லூர்தம்மாள் வந்து சொன்னால்தான் உட்காருவார்.

அங்கே அதைச் சொல்ல ஆளில்லை.

எழுதியதை அடித்துவிட்டு, அந்தத் தங்கை வாய்விட்டுப் படிக்கும்படி, தமிழை ஆங்கில எழுத்தில் பிரித்துப் பிரித்து எழுதினேன். எல்லாரும் சாப்ட்டாச்சு சாமி. கடைசிப் பந்தி எழுந்துடுச்சு. நீங்க குந்துங்க.

"அத்தோட குந்திடுவாரா?" என்றார் லூர்தம்மாள். "'நீ சாப்ட்டியாம்மா'ன்னு ஒண்ணு கேப்பாரே. அதுக்கும் எழுதிக்கோ தம்பி."

"என்னன்னு எழுத, அக்கா?"

"ஆச்சு சாமி. வயிறு ரொம்பிப்போச்சு."

அப்படியே எழுதினேன். ஃபாதர் கையெழுத்துப் போட்டார். மடித்துக் கவரில் வைத்தேன். கவரின் கோந்து காய்ந்து போயிருந்தது.

"ரெண்டு பருக்கை குடுங்க அக்கா, ஒட்டிக்கிறேன்."

உள்ளே போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன்.

சோற்றுப் பானையைச் சாய்த்துப் பிடித்து, அடியை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். ஒரு பருக்கை தேறவில்லை. அவருடைய அலுமினியத் தட்டு, காலையில் கவிழ்த்து வைத்தபடியே, ஈரமில்லாமல் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் பானையை நிமிர்த்தினார்.

"பருக்கை எதுக்கு? கோவில்ல மெழுவத்தி கீது பாரு. அத்த ஊத்தி ஒட்டு."

திரும்பி வந்து கடிதத்தை வெளியே எடுத்தேன்.

"இன்னும் இன்னாடா எழுதுற?" என்றார் கன்னியப்பன்.

"ஒரு வரி விட்டுப்போச்சு."

லூர்தம்மாள் சொன்ன பதிலுக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன்: இதைச் சொல்வதற்கு முன், அம்மா, நீங்கள் உண்மையாகவே சாப்பிட்டுவிடுங்கள்.

மெழுகை ஊற்றி, ஆறும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனேன். ஓட்டலில் ஒரு சாப்பாடு பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டேன்.