எடை சொல்லக் கூடாது

முதுகில் மாட்டிய பைக்குள் பத்து கிலோ அரிசிச் சிப்பத்தோடு சேவுகப்பெருமாள் பரண் ஏணியின் நடுப்படியில் நின்றார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. மூச்சு மட்டும் புஸ்புஸ்ஸென்று போய் வந்தது.

கீழே கலீல் ரகுமான் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். செக்காலை ரோட்டில் இத்தனை வருடப் பை வியாபாரத்தில், கடைக்குள்ளேயே மலையேறிப் பார்க்கும் ஆளை இன்றுதான் பார்க்கிறான்.

"எறங்கிருங்கண்ணே. விழுந்தீகன்னா உங்களை நான் சொமக்கணும்."

"இந்த ஏணியே ஏற முடியலைன்னா நாளைக்கு அங்குட்டு மலைப்படி எப்படி பாய் ஏறுறது?"

அவருடைய மனைவி வீரலட்சுமிக்கு அந்தக் கவலை இல்லை. அவள் கண் பை மேலேயே இருந்தது. குழந்தையை உட்காரவைத்து முதுகில் மாட்டிக்கொள்ளும் பை. அலுமினியச் சட்டம், இடுப்புப் பட்டை, வெயிலுக்கு மேலே சின்னதாக ஒரு கூரை.

"கூரை தலையில இடிக்கும் போலயே தம்பி."

"கழட்டிரலாம்க்கா."

விஷயம் இதுதான். பிள்ளை பிறந்தால் கரும்புத் தொட்டிலில் தூக்கிக்கொண்டு குன்றக்குடி மலையேறுவதாகப் புருஷனும் பெண்டாட்டியும் முருகனிடம் வேண்டியிருந்தார்கள். பிள்ளை பிறந்தது. நேர்த்திக்கடன்தான் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. இந்த வெள்ளிக்கிழமை வீட்டில் விசேஷம். சாமி பாக்கியை வைத்துக்கொண்டு செய்தால் காரியம் பாதியில் நின்றுவிடும் என்று ஜோசியர் அடித்துச் சொல்லிவிட்டார்.

முந்தாநாள் அமராவதிபுதூர் வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். கரும்பு முறிந்துவிட்டது. கரும்போ பையோ, பெற்றவர் தோளில் ஏறி வந்தால் சரி என்று பூசாரி வழிவிட்டதால்தான் இங்கே வந்து நிற்கிறார்கள்.

"நின்னு போச்சுன்னா ஊரு மொகத்துல முழிக்க முடியாது தம்பி. நல்ல பையாக் குடு," என்றாள் வீரலட்சுமி.

சேவுகப்பெருமாளை ஒருவழியாகத் தரையிறக்கிவிட்டு கலீல் துணிப்பை ஒன்றை விரித்தான். "இது நெஞ்சோட கட்டுறது. பிள்ளை உங்க மொகத்தைப் பாத்துக்கிட்டே வரும்."

"அவன் மூஞ்சிய நான் பாத்துக்கிட்டு இருந்தா, படியை யாரு பாக்குறது?"

இடுப்பில் மாட்டும் சின்ன மணையைக் காட்டினான். வீரலட்சுமி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "என் இடுப்பு என்னத்துக்காகும்."

"பேரனாண்ணே?"

"எங்க பிள்ளைதான்."

கலீல் அவருடைய நரைத்த மீசையை ஒருமுறை பார்த்தான். "மாஷா அல்லாஹ்," என்றதோடு நிறுத்திக்கொண்டான். கொடுக்க நினைக்கிறவன் வயசு பார்த்தா கொடுக்கிறான்?

"பிள்ளை எத்தனை கிலோக்கா? இந்தப் பை இருபதுதான் தாங்கும்."

"பெத்த பிள்ளை எடையை வாயால சொல்லலாமா? கண்ணு பட்டுரும்."

"நான் கடைக்காரன்க்கா. எங்கிட்டச் சொன்னா என்ன?"

"இவுக ஆத்தா இப்படித்தான் ஒருதடவ சொல்லிப்புட்டாக. மறுநாளே அவனுக்குக் காய்ச்சல்."

நேரே கேட்டால் வேலைக்காகாது என்று கலீல் சுற்றி வளைத்தான்.

"நடக்குறானாக்கா?"

"எங்க நடக்கான். பக்கத்துத் தெருவுக்கும் வண்டிதான்."

"பல்லு மொளைச்சிருச்சா?"

"இப்பத்தான் கடவாப்பல்லு மொளைக்குது. ஒரே வலி. ராவெல்லாம் தூங்கலை, எங்களையும் தூங்க விடலை."

"சேட்டை உண்டா?"

"செல்லைக் கையில குடுத்துட்டாப் பெறகு சத்தமே வராது."

கலீல் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, இதே கடைவாய்ப்பல், இதே செல். மனசுக்குள் கணக்குப் போட்டான். இரண்டு வயசு, மிஞ்சினால் இரண்டரை. பன்னிரண்டு கிலோவுக்கு மேல் போகாது. இந்தப் பை தாராளம்.

பில் போடக் குனிந்தபோது வீரலட்சுமி பக்கத்து மளிகைக் கடைப் பக்கம் கையைக் காட்டினாள். "என்னங்க, இன்னொரு சிப்பம் வாங்கியாந்து வச்சுப் பாப்பமா?"

"எதுக்குக்கா இன்னொண்ணு?"

"காலையில சாப்பிட்டுத்தான கெளம்புவான்."

பையை இன்னும் கழற்றாமல் நின்ற சேவுகப்பெருமாள் தோளைக் குலுக்கிப் பார்த்தார். அதற்கே பட்டையில் ஒரு தையல் பட்டென்று விட்டது. கலீல் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் செருகினான்.

"அண்ணே, பிள்ளையக் கண்ணால பாக்காம நான் பை தர மாட்டேன். நாளைக்கு நடுப்படியில பட்டை அந்துச்சுன்னா அல்லா என்னையத்தான் கேப்பான். பிள்ளை எங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கார்லதான் இருக்கான்," என்றாள் வீரலட்சுமி. "கூச்சப்படுவான் தம்பி. புது ஆளக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்குவான்."

"எத்தனை பிள்ளையப் பாத்திருக்கேன். எங்கிட்ட விடுங்க."

சேவுகப்பெருமாள் வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். "ராசா, எறங்கி வாப்பா. பாய் ஒண்ணும் செய்ய மாட்டாக."

கலீல் கல்லாவிலிருந்து குச்சி மிட்டாய் ஒன்றை எடுத்தான். குழந்தை மிரளக் கூடாது என்று தரையில் மண்டியிட்டு, மிட்டாயை நீட்டி, முகத்தில் ஒரு சிரிப்பையும் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. அவன் கண்ணுக்கு நேராக இரண்டு முழங்கால்கள் வந்து நின்றன. கலீல் நிமிர்ந்தான். இன்னும் நிமிர்ந்தான். மேலேயிருந்து கட்டைக் குரல் ஒன்று வந்தது.

"பாய், மாப்பிள்ளை வேட்டியோட இதுல உக்கார முடியுமா?"