தும்பையின் மேல் ரத்தம்

பூனையின் நெஞ்செல்லாம் ரத்தம்.

கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து அவன் தொடையில் கொட்டியது. சூடு உறைக்கவில்லை.

"தும்பை!"

அது மதிலிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குத் தாவியது. தொட்டியிலிருந்து துவைக்கும் கல்லுக்கு. கல்லிலிருந்து அவன் காலடிக்கு. எப்போதும் வருகிற வழிதான். நொண்டவில்லை. கத்தவில்லை.

வெள்ளைப் பூனை. மேலே ஒரு கரும்புள்ளி கிடையாது.

வாரி எடுத்து மடியில் போட்டான்.

வண்டி ஏறியிருக்கும். இல்லை, மூன்றாவது வீதி நாய்கள். இல்லை, யாராவது கல்லெடுத்து எறிந்திருப்பார்கள். வெளியே திரிகிற பூனையை வளர்ப்பவனுக்கு இந்தப் பயங்களெல்லாம் மனப்பாடம்.

ஈரத் துணியால் துடைத்தான். கழுத்தைத் தடவினான். வயிற்று மயிரை விலக்கிப் பார்த்தான். வாயைப் பிளந்து பார்த்தான். வாலைத் தூக்கியதும் தும்பைக்குக் கோபம் வந்து அவன் மணிக்கட்டை வலிக்காமல் கடித்தது.

துணி சிவந்துவிட்டது. பூனை வெளுத்துவிட்டது.

எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.



இது பூனையின் ரத்தம் இல்லை.

மழையில் சாக்கடை ஓரம் கிடந்த குட்டி அது. அவன் தனி ஆள், மில் வேலை. கதவைச் சாத்தி வளர்த்துப் பார்த்தான். சாத்தின கதவின் முன்னால் உட்கார்ந்து அழுதது. திறந்து விட்டுவிட்டான். அதிலிருந்து அது நினைத்தபோது போகும், பசித்தால் வரும். வரும்போது ஊரைப் பூசிக்கொண்டு வரும். ஒருநாள் முதுகில் கறிவேப்பிலை வாசனை. ஒருநாள் காதில் வண்டி மசகு. ஒருநாள் நெற்றியில் யாரோ இட்ட திருநீறு. அவன் படுத்ததும் பாதத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். அந்தக் கனம் இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

வீதியில் அதற்குக் கெட்ட பெயர். காயப்போட்ட மிளகாயில் நடந்துவிட்டது என்பார்கள். கால்மிதியில் மூத்திரம் போய்விட்டது என்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாதான் அதிகம். தனியாக இருப்பவர். அறுபது வயதிருக்கும். போன வாரம் இரண்டாம் தடவையாகப் பால் பாத்திரம் கவிழ்ந்ததும் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"வளக்கறதுன்னா கட்டி வளக்கோணும் தம்பி. என்ர சமையக்கட்டு என்ன சத்திரமா?"

"நீங்க சன்னல அடைச்சு வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான்.

இப்போது மதிலைப் பார்த்தான்.

மேலே பாதத் தடங்கள். அவன் பக்கம் மங்கல். அந்தப் பக்கம் போகப்போகச் சிவப்பு.

காலையில் அங்கே ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. வார லீவு நாளில் தூங்கவிடாமல் டொக் டொக்கென்று. பிறகு ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு சத்தமே இல்லை.

அப்பாடா என்று புரண்டு படுத்தான்.

அது நடந்து ஒரு மணி நேரமாவது இருக்கும்.

மதிலேறிக் குதித்தான்.

சமையலறைச் சன்னலில் புதுக் கம்பி வலை. பாதிக்குத்தான் ஆணி அடித்திருந்தது. மீதிப் பாதி உள்பக்கம் சுருண்டு தொங்கியது. ஒரு பூனை நுழையப் போதுமான இடைவெளி.

உள்ளே ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. சுத்தியல். உடைந்த ஊறுகாய் ஜாடி. அந்த அம்மா அதன் மேல் ஒரு கை மடங்கி விழுந்திருந்தார். கைக்கடியில் தரை கறுத்திருந்தது.

கண்கள் திறந்திருந்தன.

சிமிட்டின.

அவன் வலைக்குள் கையை விட்டுச் சன்னலை ஒட்டிய பின்கதவின் தாழ்ப்பாளைத் தேடினான். கம்பி முழங்கை வரை கிழித்தது. கிடைத்தது. உள்ளே ஓடித் தன் துண்டால் அவர் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினான். அவர் உதடு அசைந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போயிருந்தது.

போன் போட்டான். ஆம்புலன்ஸ் வந்தது.

"பேருங்க?"

அவன் தன் பெயரைச் சொன்னான்.

"உங்க பேரு இல்லீங்க. அம்மா பேரு."



இரண்டரை வருடம். ஒரே மதில். எத்தனை சண்டை.

பெயர் தெரியவில்லை.

ஸ்ட்ரெச்சரில் அவர் உதட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டு அவர்களே எழுதிக்கொண்டார்கள். நாச்சம்மாள்.

கையில் பதினேழு தையல். இடுப்பெலும்பில் விரிசல். "இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா..." என்றார் டாக்டர். பெங்களூரிலிருந்து மகள் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் நர்ஸ் அவனை உள்ளே விட்டாள்.

"சத்தம் எனக்குக் கேட்டுதுங்கம்மா" என்றான். "காலைலயே கேட்டுது. நான்தான்..."

அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. கண்ணை மூடியபடியே பேசினார். குரல் இன்னும் திரும்பவில்லை.

"உன்ர பூன உள்ள வந்துச்சு தம்பி. நெஞ்சு மேல ஏறிக் குந்திக்கிச்சு. என்னையவே பாத்துச்சு. போ, போன்னேன்."

மூச்சு வாங்கியது.

"ரெண்டு வருசமா போ போன்னுதான் சொல்றேன். இன்னிக்குத்தான் பேச்சுக் கேட்டுச்சு."

சிரிக்கப் பார்த்தார். இடுப்பு விடவில்லை.

அவன் போர்வையை இழுத்து அவர் பாதத்தை மூடினான்.