மூன்றாவது வீராங்கனை

பாளையம்பட்டியில் மத்தியான வெயிலுக்குக் கதவைச் சாத்திவிட்டு, நாகஜோதியும் அவள் அண்ணன் மனைவி துர்காதேவியும் புது கம்ப்யூட்டர் கேமைத் தொடங்கினார்கள். இரண்டு பேர் மட்டுமே ஆடக்கூடிய கேம். ஆளுக்கொரு வீராங்கனை. முதல் கோட்டை வாசலிலேயே அரக்கன் இருவரையும் சுவரோடு நெருக்கினான்.

"மதினி, விடாம அடிங்க."

"உசுரு போகப்போகுதுடி."

அப்போது மூன்றாவதாக ஒருத்தி பாய்ந்து வந்து வெட்டினாள். அரக்கன் சாய்ந்தான். இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

"அவ யாரு?"

"தெரியல மதினி. நம்ம கட்சிதான்."

தண்ணீர் குடிக்க எழுந்த நாகஜோதி ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். இரண்டு வீராங்கனைகளும் ஓங்கிய வாளோடு அப்படியே நின்றார்கள். தீப்பந்தத்தின் சுடர்கூட அசையவில்லை. மூன்றாமவள் மட்டும் வாளைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டைப் படியில் உட்கார்ந்தாள். திரைக்கு வெளியே இருந்த இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, இன்னும் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டாள்.