இரவுத் தயிர்

"குப்பையில மூணு தயிர் பாக்கெட்டு கவரு கெடந்துச்சு. யாரும்மா தின்னது?" என்றாள் என் மகள் காயத்ரி.

"பூனை."

"அந்தப் பூனை ராத்திரியெல்லாம் இருமுதுன்னு பக்கத்து வூட்டு கொளஞ்சி அத்தை சொல்றாங்க."

சிதம்பரத்தில் பேருந்து ஏறியதிலிருந்து இதுதான். பெற்றவளைத் திட்டுவதற்குப் பேருந்தைப் போல வசதியான இடம் வேறில்லை. எழுந்து அடுப்படிக்குள் போய்விட முடியாது.

காலையில் ஆயுர்வேத டாக்டர் சுவேதா என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தபடி வெகுநேரம் யோசித்தார். சித்திரையில் முதல் தடவை பார்த்தபோது சொன்னதையே திரும்பவும் சொன்னார். என்னுடையது கப உடம்பாம். குளிர்ச்சியும் இனிப்பும் சேர்ந்தால் நெஞ்சில் சளியாகத் தங்கிவிடும். அதனால் தயிர், வாழைப்பழம், உளுந்து எல்லாம் கூடாது. விடியலில் நடை, வெந்நீரில் தேன், கொள்ளு ரசம், இருட்டுவதற்குள் சாப்பாடு.

சித்திரையில் தொடங்கி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். ஆடியில் நெஞ்சு பஞ்சு போல லேசாகிவிட்டது. டாக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது ஐப்பசியில் திரும்பவும் சளி கட்டியிருக்கிறது. பத்தியம் தவறவில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பினார். காயத்ரி நம்பவில்லை.

"இன்னொரு தபா இப்பிடி இழுத்துச்சுன்னா ஆஸ்பத்திரியில சேக்கணும்ங்கிறாங்க. தனியா கெடக்கிறியே, ராத்திரியில ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்கிறது? தீபாவளி முடிஞ்சதும் வூட்டப் பூட்டிட்டு நெல்லிக்குப்பம் வந்து எங்ககூட இரு. அப்பா போனது பத்தாதா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சவுக்குத் தோப்புகள் ஓடின. அவள் சொல்வது நியாயம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. ஒரு நாள் திறக்காமலே போகலாம்.

அவளிடம் எப்படிச் சொல்வது?

அவளுடைய அப்பா தாண்டவராயன் இறந்து வருகிற கார்த்திகையோடு ஒரு வருடம். காலமெல்லாம் அவருக்கு ஈளை இழுப்பு. தூங்கும்போது மூச்சு மேலே ஏறி, ஒரு கணம் நின்று, சன்னமான சீழ்க்கையோடு இறங்கும். அந்தச் சீழ்க்கை வந்த பிறகுதான் நான் கண்ணை மூடுவேன்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். பிறகு மார்கழிக் குளிரில், அரைத்தூக்கத்தில் அதைக் கேட்டேன். ஏறியது. நின்றது. சீழ்க்கையோடு இறங்கியது.

பக்கத்திலேயே.

எனக்குப் பயமாக இல்லை. கண்ணைத் திறந்தால் நின்றுவிடுமோ என்று திறக்காமலே கிடந்தேன். அதன் பிறகு தினமும் வந்தார்.

கொள்ளு ரசம் குடிக்கத் தொடங்கியதும் வருவது குறைந்தது. ஆடியில் அடியோடு நின்றது.

ஓர் இரவு விழித்துக்கொண்டேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. என் நெஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு எண்ணெய் போட்ட கதவைப் போலப் போய்வந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் நான் கேட்டது யாருடைய மூச்சு என்று அப்போதுதான் தெரிந்தது.

தெரிந்ததால் ஒன்றும் மாறிவிடவில்லை. மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வந்தேன். படுக்கப் போகும் முன் சில்லென்று சாப்பிட்டேன். ஒரு வாரத்தில் வந்துவிட்டார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் பேருந்தின் ஆட்டத்தில் என் தலை சாய்ந்தது. காயத்ரி தோளால் இடித்தாள்.

"பகல்ல தூங்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல? அதுலயும் கபம் ஏறும்."

"கண்ணத்தான் மூடுறேன். காத மூடல. நீ திட்டு."

திட்டினாள். கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

எப்போது தூங்கினேனோ தெரியாது. கண்டக்டர் கூவும் சத்தத்தில் விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. என் தலை அவள் தோளில் கிடந்தது. அவள் கல் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஓ.டி. எறங்கு! ஓ.டி.!"

நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம்; எங்கள் வீடு அங்கேதான். காயத்ரி எழவில்லை.

காலடிச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. "ஏம்மா, ஓ.டி.க்குத்தான டிக்கெட்டு வாங்குன? எறங்கலியா?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு குடுங்கண்ணா." அவள் குரல் உள்ளேயே கிடந்தது. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

பேருந்து நகர்ந்தது. அவள் என்னை மெல்ல இருக்கையில் சாய்த்துவிட்டுக் குனிந்தாள். அவளுடைய காது என் நெஞ்சில் பட்டது. பிறகு அந்த இடத்தில் புடவை நனைந்தது.

"எத்தினி நாளாம்மா அப்பாவ எங்கிட்ட மறைச்சு வெச்சிருந்த?"

தூங்குகிறவளிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். பதில் சொல்ல வேண்டுமானால் நான் விழிக்க வேண்டும்.

மூச்சை மேலே இழுத்தேன். ஒரு கணம் நிறுத்தினேன். பிறகு சீழ்க்கையோடு விட்டேன்.