முதுகில் ஒரு ஜிப்

சாட்ஸ்டனின் பளபளக்கும் மாலில் தொட்டு மட்டும் பார்த்த பச்சைக் கவுனைப் போலவே ஒன்று, டான்டினோங்கின் இந்த மலிவான மாலில் தாட்சாயினிக்குக் கிடைத்திருக்கிறது. உடை மாற்றும் அறையின் வெள்ளை வெளிச்சத்தில் கவுன் இடுப்பில் அழகாக உட்கார்ந்துவிட்டது. முதுகு ஜிப்தான் பாதியில் நிற்கிறது. வாரம் முழுவதும் முதியோர் இல்லத்தில் மற்றவர்களுக்கு உடுப்பு மாட்டிவிடும் கை, தோள்வலியால் பின்னால் போக மறுக்கிறது. "ஐயோ, ஜிப் எட்டுதில்லையே," என்கிறாள் கண்ணாடியிடம். திரைக்கு வெளியே ஹேங்கர்கள் கம்பியில் உரசும் சத்தம் நிற்கிறது.

"தமிழா? நான் போட்டு விடவாங்க?"

"ஓம், பிளீஸ்."

சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் திரையை விலக்கி உள்ளே வந்து, தாட்சாயினியின் கூந்தலை ஒதுக்கித் தோளுக்கு முன்னால் போடுகிறாள். குளிர்ந்த விரல்கள் கழுத்தில் படுகின்றன. ஒரு கை இடுப்பில் துணியைப் பிடித்துக்கொள்ள, மறு கை ஜிப்பை மெல்ல மேலே ஏற்றுகிறது. தாட்சாயினி மூச்சைப் பிடித்தபடி நிற்கிறாள். ஜிப் ஏறி முடிந்த பிறகும் அப்படியே நிற்கிறாள்.

"சூப்பரா இருக்குங்க. இனிமே உங்க வீட்டுக்காரர்தான் போட்டு விடணும்," என்று சிரிக்கிறாள் அந்தப் பெண்.

"ஓம்," என்று தாட்சாயினியும் சிரிக்கிறாள். அவள் குடியிருக்கும் நோபல் பார்க் வீட்டுக்கு இருக்கும் ஒரே சாவி அவளுடைய கைப்பைக்குள் கிடக்கிறது.

திரை மூடுகிறது. காலடிச் சத்தம் மாலின் இரைச்சலில் கரைகிறது. இனிக் கவுனைக் கழற்ற வேண்டும். கை முதுகை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றுவிடுகிறது. திரையை விலக்கிக் கூப்பிட வாயைத் திறக்கிறாள். பெயரைக் கேட்டிருக்கவில்லை.