குசினியில் ஒரு பிரபு

லோறென்ஸ்கூக் ஊரில், தமிழ்ப் பெண் எமிலியின் வீட்டுக் குசினியில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்து முக்காலியில், ஓர் இங்கிலாந்துப் பிரபு உட்கார்ந்திருக்கிறார். வெளியே கிடக்கும் பனியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அவருடைய கைகளின் நீல நரம்புகளைக் காட்டுகிறது. தொப்பியை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்திருக்கிறார். அடுப்பில் கணவாய்க் கறி கொதிக்க, மிளகாய் நெடியில் அவருக்கு இருமல் வருகிறது. எமிலி யன்னலைத் திறக்கவில்லை. அவருடைய இளைய மகனை மணந்து அவள் முதன்முதலாக இங்கிலாந்தில் அவர்களுடைய மாளிகைக்குப் போனபோது, விருந்து முடியும்வரை வேலைக்காரரோடு குசினியில் இருக்க வைத்தவர் இவர். இப்போது இரண்டு மகன்களும் உயிரோடில்லை. மாளிகையும் நிலமும் ஆண்வழிக்கே போகவேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். மிஞ்சியிருக்கும் ஒரே ஆண் வாரிசு, எமிலியின் மகன் ஆன்ட்ரியாஸ். அவனைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்.

"அக்கா, ஹோலுக்குள்ளை கூப்பிடன். பாவம் கிழவன்" என்கிறாள் தங்கை யூலியா.

"என்னை ஆர் பாவம் பாத்தது?" எமிலியின் கை வெங்காயத்தை இன்னும் மெல்லியதாக அரிகிறது.

"அப்ப பெடியனை விடமாட்டியோ?"

"ஏன் விடாமல்? அந்த மாளிகை முந்திக் கத்தோலிக்கச் சாமிமாரின்ரை மடமடி. அந்தக் காலத்து இங்கிலாந்து ராசா பறிச்சு இவையின்ரை ஆக்களுக்குக் குடுத்தது. ஆன்ட்ரியாஸின்ரை பேருக்கு வரட்டும், அடுத்த நாளே சாமிமாருக்குத் திருப்பிக் குடுப்பான். அவனோடை கதைச்சு வைச்சிட்டன்."

யூலியா வாயைப் பொத்துகிறாள். தமிழ் தெரியாத பிரபு, பேச்சில் பேரனின் பெயர் மட்டும் புரிந்து, எமிலியைப் பார்த்து நன்றியோடு தலையாட்டுகிறார்.